இரண்டு கதவும் மூடியிருந்தபோது

எங்கள் இயந்திரம் இதயத்தை நொடிக்கு ஐயாயிரம் படம் எடுக்கும். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அதைக் கட்டிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எக்கோ இயந்திரம் இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும்போது நொடிக்கு இருபது படம் எடுத்தாலே பெரிது. அது ஒலியை ஒரு கோடு, அப்புறம் பக்கத்துக் கோடு என்று, இருட்டறையில் டார்ச் அடித்துத் தேடுவதுபோல அனுப்புகிறது. எங்களுடையது அறை விளக்கையே போட்டுவிடும். மொத்த இதயத்துக்கும் ஒரே வீச்சு. திரும்பி வரும் ஒலியைக் கணினி பிரித்துப் படமாக்கும். இரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது, எங்கே சுழல்கிறது, எங்கே தயங்குகிறது என்பதையெல்லாம் நூறு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கலாம்.

பார்க்கலாம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. ரப்பரில் செய்த பொம்மை இதயத்தை அழகாகக் காட்டிய இயந்திரம், உயிருள்ள மனிதரைப் படுக்க வைத்ததும் மக்கர் பண்ணியது. விலா எலும்பு குறுக்கே வந்தது. நுரையீரல் காற்று மறைத்தது. எங்கள் வீச்சு வேகமானது, ஆனால் மெலிந்தது; மார்பில் வைக்கும் ப்ரோப்பைப் பிடித்த கை ஒரு நூல் பிசகினாலும் திரையில் மணல் கொட்டியதுபோல ஒரே இரைச்சல்.

சோதனையைப் பொறுப்பேற்று நடத்திய இதய டாக்டர் ஒருநாள் பொறுமை இழந்து சொன்னார்: "மெஷின்ல குறை இல்லம்மா. பிடிக்கிற கைதான் சரியில்ல. ரெண்டாவது மாடி எக்கோ ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவங்க வந்தா உங்க தலைவலி தீர்ந்துடும்."

"அவங்க என் அண்ணி, டாக்டர்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்லயே வச்சுக்கிட்டா மூணு மாசமா ஊரெல்லாம் ஆள் தேடின?"

பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அண்ணி சாயங்காலம் வந்ததும் வலது தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுவரில் சாய்ந்திருப்பார். அண்ணியின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த வெந்நீர்ப் பை மட்டும்தான். அவர் செய்வது வேலை, நான் செய்வது ஆராய்ச்சி என்று எனக்குள் ஒரு கோடு இருந்தது. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அண்ணிக்குத் தெரிந்திருக்கும். நாத்தனார் மனதில் ஓடுவது அண்ணிக்குத் தெரியாமலா போகும்?

அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மதியம் ரெண்டு மணிக்கு மேல வர்றேன். காலையில என் பேஷண்டுங்களை விட்டுட்டு வரமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் சோதனை அறை அதே ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழே, சலவைப் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. கடையில் விற்கும் இயந்திரம்போல எங்களுடையது பளபளப்பாக இருக்காது. இரண்டு பீரோவை ஒட்டி நிறுத்தியதுபோல நின்று, மின்விசிறிகள் இரைய, முதுகுப் பக்கம் ஒயர்கள் குடல் சரிந்ததுபோலக் கிடக்கும். அண்ணி வந்ததும் முதலில் அதைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தார். ஏசி காற்று நேராகப் படுக்கிறவர் மார்பில் அடிப்பதைக் கவனித்து, நாற்காலி மேல் ஏறி அதன் வாயை வேறு பக்கம் திருப்பினார். பிறகு ஜெல் பாட்டிலை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினார்.

"ஜில்லுனு தடவினா ஆள் விறைச்சுப் போவாங்க. விறைச்சா மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் உன் மெஷின் நுரையீரலைத்தான் பார்க்கும்."

மூன்று மாதமாக எங்களுக்குப் புரியாத பாதி விஷயம் அந்தக் குவளைக்குள் இருந்தது.

முதலில் படுத்தது அண்ணன்தான். நோயில்லாத ஆள் வேண்டும் என்று நாங்கள் தேடியபோது, அண்ணி அவரை வேலை இடைவேளையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் கிரீஸ் வாடையோடு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். அண்ணி ப்ரோப்பைப் பேனா பிடிப்பதுபோல மூன்று விரலில் பிடித்து, அண்ணனின் விலா இடுக்கில் வைத்தார். கை அசைந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. திரையில் மணல் விலகியது.

இதயத்தின் இடது கீழறை முழுசாகத் தெரிந்தது. மேல் வால்வு, நாங்கள் கதவு என்போம், திறந்தது. உள்ளே வந்த இரத்தம் நுனிவரை போய், சுவரைத் தொட்டு, ஒரு சுருள் சுருண்டு, வெளியேறும் கதவின் பக்கம் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்த அதே சுருள். எங்கள் ஐவரில் ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"என்ன, எல்லாரும் வாயைப் பிளந்துட்டு நிக்கிறீங்க? உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார் அண்ணன்.

"ரத்தம் இருக்கு" என்றேன்.

"நல்லாத் தேடிப் பாரு. உங்க அண்ணியும் அங்கதான் எங்கயாவது இருக்கணும்."

"வாயை மூடிட்டு மூச்சை விடுங்க. பேசினா படம் ஆடுது" என்றார் அண்ணி. திரையின் வெளிச்சத்தில் அவர் காதுமடல் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. வாரம் ஐந்து பேர், ஆறு பேர். அண்ணி பிடிப்பார், நான் விசைப்பலகையில் இருப்பேன். அங்கே எல்லோரும் அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆய்வகத் தலைவருக்கு அண்ணியைவிடப் பத்து வயது அதிகம், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

முப்பத்தெட்டாவதாக வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். முப்பத்து மூன்று வயது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை மைதானத்தில் மயங்கி விழுந்திருந்தார். ஈசிஜியில் லேசான மாற்றம். ஓடியாடும் உடம்புக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். எக்கோவும் இரண்டு இடத்தில் எடுத்தாயிற்று, இரண்டிலும் குறை இல்லை.

"மனசை லேசா வச்சுக்கோங்கன்னு சொல்றாங்க" என்றார் டீச்சர், படுத்தபடியே. "என் மனசு நல்லாத்தான் இருக்கு. கால்தான் நிக்க மாட்டேங்குது."

அவர் போனபின் படத்தை மெதுவாக்கி ஓட்டினோம். சுருள் சரியாக இருந்தது. அண்ணி திடீரென்று, "நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ" என்றார்.

இதயம் அமுங்கி இரத்தத்தை வெளியே தள்ளிய பிறகு, ஒரு சின்ன இடைவெளி உண்டு. வெளியேறும் கதவு மூடியிருக்கும். உள்ளே வரும் கதவு இன்னும் திறந்திருக்காது. தசை தளர்வதற்கான நேரம் அது. ஒரு நொடியைப் பதினான்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சாதாரண இயந்திரத்தில் அந்த நேரத்துக்குத் தேறினால் ஒரு படம் விழும். அதையும் கண் தாண்டிப் போய்விடும். எங்கள் இயந்திரத்தில் முந்நூற்றைம்பது படம் இருந்தது. அந்தப் படங்களில், இதயத்தின் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய வண்ணக் கோடு சீறிக்கொண்டு வந்தது.

இல்லாததை இயந்திரம் வரைந்து காட்டினால் எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பொய்க்கோடு என்று பெயர். தோலுக்கு அருகே அது சகஜம். இதய நுனி தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த இரைச்சலைத் துடைப்பதற்கென்றே நான் ஒரு வடிகட்டி நிரல் எழுதி, அன்று காலையில்தான் முடித்திருந்தேன். ஒன்பது நாளில் எங்கள் திட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. படங்கள் சுத்தமாக இருக்கவேண்டும்.

"பொய்க்கோடு, அண்ணி. ரெண்டு கதவும் மூடியிருக்கு. ரத்தம் எங்க போகும்?"

"கதவு மூடியிருந்தா வீட்டுக்குள்ள ஆள் நடக்க மாட்டாங்களா?"

நான் வடிகட்டியை ஓட்டினேன். கோடு மறைந்தது. "பாருங்க, போயிடுச்சு."

"நீ அழிச்ச. அதனால போயிடுச்சு."

சுற்றி இருந்த மூன்று பேரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அண்ணி, ப்ரோப் பிடிக்கிறது உங்க வேலை. படத்துக்கு அர்த்தம் சொல்றது எங்க வேலை" என்றேன்.

அவர் ப்ரோப்பில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்தார். ஒயரைச் சுருட்டி மாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவோம்.

நான் போனபோது வீட்டில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்பதால் அண்ணன் நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்தார். ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டு லிஃப்ட் ஓடாது என்பதைக் கேலி செய்ய அன்று ஆளில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு யாரை என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றோம் ஒரே குரலில்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா பெரிய விஷயம்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அண்ணி மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கோபம் குரலில் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ சொன்னது சரியாக்கூட இருக்கலாம். நான் படிச்சது ரெண்டு வருஷ டிப்ளமோ. ஆனா ஒண்ணு கேளு. கறை கண்ணாடியில இருந்தா, கண்ணாடியைத் திருப்பினா கறையும் கூடவே திரும்பும். சுவத்துல இருந்தா சுவத்துலயே நிக்கும். நாளைக்கு அந்த டீச்சரை வரச் சொல்லு. மூணு பக்கத்துலருந்து பார்க்கிறேன். கோடு என் கையோட வந்தா உன் வடிகட்டிக்கு நானே கைதட்டறேன்."

"நுனியிலயே நின்னா?"

"நின்னா, அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சும்மா விழலைன்னு அர்த்தம்."

நான் டீச்சருக்கு போன் செய்தேன். மறுநாள் இரண்டு மணிக்கு வந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "திரும்பக் கூப்பிட்டீங்கன்னா ஏதோ இருக்கு. இல்லையா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன். எனக்கே தெரியாததை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஏதாவது தெரிஞ்சா டாக்டர் வந்து சொல்வாங்க. அப்போ நான் பக்கத்துலயே நிப்பேன்."

டீச்சர் காலணியைக் கழற்றினார்.

முதல் பார்வையில் கோடு இருந்தது. அண்ணி ப்ரோப்பை அதே இடத்தில் கால் வட்டம் திருப்பினார். கோடு திரும்பவில்லை, நுனியிலேயே நின்றது. நான் பதிவு செய்தேன். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரல் நுனியால் டீச்சரின் விலாவில் துடிப்பு எங்கே வந்து முட்டுகிறது என்று தேடினார். நாங்கள் வழக்கமாக வைக்கும் இடத்துக்கு ஒரு விலா கீழே, அக்குள் பக்கமாக இரண்டு விரல் தள்ளி அது கிடைத்தது. ப்ரோப்பை அங்கே வைத்து, டீச்சரை மூச்சை முழுக்க விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்.

திரையில் இதயம் நீண்டது. இதுவரை எல்லோரும் நுனி என்று நினைத்தது நுனியே இல்லை. அங்கே தசை தடித்து இடுப்புபோல ஒடுங்கியிருந்தது. அதற்கு அப்பால் ஒரு சின்னப் பை. இதயம் அமுங்கும்போது அந்த இடுப்பு இறுகி, பைக்குள் கொஞ்சம் இரத்தம் மாட்டிக்கொள்கிறது. தசை தளர்ந்து இடுப்பு லேசாக விரிந்ததும், இரண்டு கதவும் மூடியிருக்கும் அந்த இடைவெளியில், மாட்டிக்கொண்டது மேலே சீறுகிறது.

அந்த வீட்டுக்குள் ஆள் நடந்துகொண்டுதான் இருந்தார்.

நேற்றைய பதிவில் ஓட்டியிருந்த வடிகட்டியை நான் நீக்கினேன். நீக்குவதற்கு ஒரு பொத்தான் போதும். ஆனால் விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதை யார் பார்த்தது?"

"அண்ணி" என்றேன்.

டாக்டர் டீச்சரிடம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அண்ணி சொன்னபடி பக்கத்திலேயே நின்றார். டீச்சர் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "அப்போ என் மயக்கம் நிஜம்தானே, டாக்டர்?" என்று. நிஜம்தான் என்று டாக்டர் சொன்னதும் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அண்ணி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஜெல் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த கை.

இரண்டு நாளில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பை. அதன் மூலையில் உளுந்து அளவில் ஒரு இரத்தக் கட்டி. அது கழன்று மூளைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அந்தப் பையின் சுவரிலிருந்து துடிப்பு தாறுமாறாகக் கிளம்பக்கூடும் என்பதால், அடுத்த மாதமே காறை எலும்புக்குக் கீழே, அப்போது மின் அதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஒரு சின்னக் கருவியைப் பதித்தார்கள்.

அதற்கு முன்பே பார்வைக் குழு வந்துபோனது. ஆறு பேர். கூட்ட அறையில் ஆய்வகத் தலைவர் எங்கள் வேகத்தையும் கணக்குகளையும் காட்டிவிட்டு, கடைசியில் டீச்சரின் படத்தை ஓட்டினார். குழுவில் ஒருவர் குறுக்கிட்டார்.

"இந்த இடத்துல, இந்த நேரத்துல கோடு வந்தா யாரா இருந்தாலும் இரைச்சல்னு அழிச்சிருப்பாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். "நான் கண்டுபிடிக்கல, சார். நான் அழிச்சேன். கண்டுபிடிச்சவங்க அங்க இருக்காங்க."

அண்ணி எக்கோ அறையிலிருந்து நேராக வந்திருந்தார். சீருடை தோளில் கசங்கியிருந்தது. கதவோரம் நின்றவரை முன்னால் கூப்பிட்டோம். மைக் வேண்டாம் என்றார். கண்ணாடிக் கறை, சுவர்க் கறை என்று எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னார். பத்து நிமிடம் என்று ஒதுக்கிய கூட்டம் ஐம்பது நிமிடம் போனது. கேள்விகளில் பாதி இயந்திரத்தைப் பற்றி, மீதி அண்ணியின் கையைப் பற்றி. எனக்குப் பொறாமை வந்ததா என்று அண்ணன் பிறகு கேட்டார். இல்லை. எங்கள் வீட்டு ஆள் பேசும்போது எதிரே இருப்பவர் குறிப்பெடுத்தால் ஒரு பெருமிதம் வருமே, அதுதான் வந்தது.

கட்டுரை எழுதும்போது ஒரு சின்னப் போராட்டம். டெக்னீஷியன்களின் பெயரை நன்றிப் பகுதியில் போடுவதுதான் வழக்கம் என்றார் தலைவர்.

"அப்போ என் பேரையும் நன்றியில போடுங்க, சார்" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்த பிரதியில் அண்ணியின் பெயர் இரண்டாவதாக இருந்தது, என்னுடையது மூன்றாவது. வீட்டில் அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

"'நுனியில் ஓட்டம் காணப்பட்டது'ன்னு எழுதியிருக்க. அதுவா வந்து காணப்பட்டுச்சா?"

"கட்டுரையில அப்படித்தான் எழுதணும், அண்ணி."

"சரி. ஆனா மூச்சை முழுக்க விட்டு நிறுத்தச் சொன்னோமே, அது இதுல இல்ல. அது இல்லாம படிக்கிறவங்களுக்குப் படம் வராது."

அந்த வரியைச் சேர்த்தோம். அண்ணன் தன் பணிமனையில் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை லிஃப்ட் பாதுகாப்பு விதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஒரு வரியும் புரியவில்லை, பெயர் மட்டும் புரிகிறது, அது போதும் என்றார்.

கருவி பதித்த ஏழாம் மாதம் டீச்சர் போன் செய்தார். பிள்ளைகளுக்குத் தொடர் ஓட்டம் பழக்கிக்கொண்டிருந்தபோது துடிப்பு தறிகெட்டு, கருவி வேலை செய்திருந்தது.

"குதிரை உதைச்ச மாதிரி இருந்துச்சு, அக்கா. கீழ உட்கார்ந்துட்டேன். ஆனா முழிச்சுட்டுத்தான் இருந்தேன். விசிலைக்கூட விடல." முதல் போன் அவர் கணவருக்கு, இரண்டாவது அண்ணிக்கு. அண்ணி போனை வைத்துவிட்டு, அடுத்த பேஷண்டைக் கூப்பிடும் முன் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

போன மாதம் அண்ணிக்கு ஓர் அழைப்பு வந்தது. இந்த வேகமான இயந்திரத்தை வாங்கப்போகும் பதினான்கு ஆஸ்பத்திரிகளின் எக்கோ டெக்னீஷியன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. நடத்த வேண்டியவர் அண்ணி. ரயிலில் ஆறு மணி நேரம். இயந்திரத்தை இயக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கூடம், அறுபது பேர். அண்ணி மேடையில் ஏறி வணக்கம் சொல்லிவிட்டு, "முதல்ல எல்லாரும் உங்க இதயம் எங்க முட்டுதுன்னு விரலால தேடுங்க. புத்தகத்துல போட்டிருக்கிற இடத்துல தேடாதீங்க. உங்க உடம்புல தேடுங்க" என்றார். அறுபது கைகள் அறுபது விலாவைத் தடவின.

நான் கடைசி வரிசையில் விசைப்பலகையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் மெதுவாகக் குனிந்தார்.

"அவங்க டாக்டரா?"

"எக்கோ டெக்னீஷியன். என் அண்ணி."

"ஓ" என்று சிரித்தார். "அப்போ உங்க சிபாரிசா?"

"இல்லைங்க" என்றேன். "அவங்க சிபாரிசுலதான் நான் வந்திருக்கேன்."